அறுபது விழுக்காடு வரி

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் குடும்பத்துக்கென வீடு வாங்க முடியுமா?

பதில்: கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடு வாங்கலாம். ஆனால் விலையோடு வரியையும் கேட்க வேண்டும். 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. 20 லட்சம் வெள்ளி வீட்டுக்கு இது மட்டுமே 12 லட்சம். வழக்கமான முத்திரை வரி தனி. பெரும்பாலான குடும்பங்களுக்கு வாடகையே விவேகம். அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் குடிமக்களுக்கோ, வர்த்தக ஒப்பந்தங்களால், சிங்கப்பூரருக்கான விகிதமே பொருந்தும். தரைவீட்டுக்கு அரசின் அனுமதி தேவை. அது எளிதில் கிடைப்பதில்லை. நிரந்தரவாசம் கிடைத்தால் கணக்கே மாறும்: முதல் வீட்டுக்குக் கூடுதல் வரி 5 விழுக்காடுதான். கணவன், மனைவி இருவரும் நிரந்தரவாசிகளாகி 3 ஆண்டுகள் ஆகியிருந்தால், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீடும் வாங்கலாம்.