இருவர் இழுக்கும் வண்டி: ஓர் அகத்திணை ஆய்வு

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் தலையெடுத்து வீட்டைவிட்டுப் போனதும் பெற்றோருக்கு ஒரு வேகம் பிறக்கும். காரின் பின்னால் எதையாவது மாட்டிக்கொண்டு கண்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட வேண்டும். இவர்களை அங்கே ‘கிரே நோமட்’ என்பார்கள். எதை மாட்டுவது என்பதில்தான் வழக்கு. முழு கேரவன் வாங்குவோர் ஃப்ரிட்ஜ், கழிப்பறை, வாஷிங் மெஷின் சகிதம் புறப்படுகிறவர்கள். படையெடுத்துச் செல்லும் அவர்களைப் புறத்திணையில் சேர்த்து விலக்கிவிடுகிறோம். எடை குறைவாக, சட்டென்று விரிக்கும்படியாக ஒரு கேம்பர் டிரெய்லர் தேடும் கணவன் மனைவி மட்டுமே இவ்வாய்வுக்கு உரியர். ஆள் இரண்டு, படுக்கை ஒன்று, அடுப்பு ஒன்று. ஆகவே இது அகம்.

முதற்கண் முன்னோர் வழக்கு. பொழுதுபோக்குக்காக வண்டிவீட்டில் ஊர் சுற்றியவர்களில் ஆதிபுருஷராகச் சொல்லப்படுபவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். ‘தி வாண்டரர்’ என்ற வண்டியை பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸில் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, 1885இல் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். உடன் சென்றோர்: ஒரு வண்டிக்காரர், ஒரு பணியாள், ஒரு நாய், ஒரு கிளி. பட்டியலில் மனைவி இல்லை. பயணம் இனிதாக அமைந்ததற்கு அவர் வேறு காரணங்கள் சொல்லியிருக்கலாம். நம் ஆய்வுக்கு இது சான்றாகாது.

உண்மையில் இருவருக்கென்றே பிறந்தது டியர்டிராப் எனப்படும் நீர்த்துளி வடிவ டிரெய்லர்தான். அமெரிக்காவில் 1930களில் தோன்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகியது. உள்ளே படுக்கை மட்டும். வால்பக்க மூடியைத் தூக்கினால் அடுக்களை. பெரும்பாலானவை நாலடி அகலம், எட்டடி நீளம். ஏன் அந்த அளவு எனின், பிளைவுட் பலகை கடையில் அந்த அளவில்தான் கிடைக்கும். தம்பதியர் எவ்வளவு நெருங்கிப் படுக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது மரக்கடை. பிறகு 1968இல் கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் ஃபைபர் கிளாஸில் ‘போலர்’ என்ற 13 அடி டிரெய்லரை வார்த்தெடுத்தார். ஐந்நூறு கிலோவுக்குள் அடங்கிய அதிசயம். அதற்கு முன் அவர் அதே ஃபைபர் கிளாஸில் செய்தது செப்டிக் டேங்க். இக்குடிவழியை விற்பனையாளர்கள் ஏனோ விளம்பரத்தில் சேர்ப்பதில்லை.

இனி எடை. அது மூவகைப்படும். தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வரும்போது உள்ளது டேர் எடை. எல்லாவற்றையும் ஏற்றிய பின் மொத்தமாக எவ்வளவு வரை போகலாம் என்பது ஏடிஎம். காரில் மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் சுமக்கும் எல்லை ஜிடிஎம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது முதலாவது. போலீஸ்காரர் தராசில் ஏற்றிப் பார்ப்பது மற்றவை. ஜிடிஎம் 750 கிலோவைத் தாண்டாத டிரெய்லருக்கு ஆஸ்திரேலிய விதிப்படி தனி பிரேக் வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் பிரேக் வேண்டும். இரண்டு டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், டிரெய்லர் கழன்று ஓடினால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். ஆகவே 750 என்பது இத்துறையில் ஒரு புனித எண்.

புனிதம் எப்படிக் கெடுகிறது என்பதைப் பாருங்கள். எண்பது லிட்டர் தண்ணீர் எண்பது கிலோ. இதில் தள்ளுபடி கிடையாது. நூறு ஆம்பியர்-மணி லெட் பேட்டரி ஏறக்குறைய முப்பது கிலோ. ஒன்பது கிலோ கேஸ் சிலிண்டரில் கேஸ் ஒன்பது கிலோ, இரும்பும் கிட்டத்தட்ட அவ்வளவே. இதுவரை எல்லாம் நியாயம். பிறகு வருவது ‘இருக்கட்டுமே’ என்னும் வகை. இரண்டாவது ஜாக், அகலமான வார்ப்பிரும்புச் சட்டி, யாராவது வந்தால் உட்கார நாற்காலி. சட்டியை ஏற்றியவர் ஜாக்கைக் குறைசொல்வார், ஜாக்கை ஏற்றியவர் சட்டியை. இரண்டும் வண்டியில் ஏறிவிடும்.

எங்கே ஏற்றுவது என்பதும் உண்டு. டிரெய்லரை மாட்டும் காரின் டோபாலில் அழுத்தும் பாரம் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. பாரத்தை அச்சுக்குப் பின்னால் குவித்தால் முன்பக்கம் லேசாகி, நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆட்டம் பெருகினால் காரையும் சேர்த்துப் புரட்டும். சைக்கிளைப் பின்னால் தொங்கவிடுவோர் கவனிக்க. இந்த ஒரு பத்தியில் நகைச்சுவைக்கு இடமில்லை.

அடுத்து, விரிக்கும் நேரம். ‘இரண்டே நிமிடம்’ என்று எழுதியிருக்கும். அது பொய்யன்று. காற்றில்லாத முற்றத்தில், சமதரையில், பழகிய கை ஒன்று கூடாரத்தை நிமிர்த்தும் நேரம் அது. முன்கூரை, அடுப்பு, வண்டியைச் சமன்படுத்தும் கால்கள் எவையும் அக்கணக்கில் வாரா. நாம் கொள்ளும் வரையறை வேறு: கார் நின்ற கணத்தில் தொடங்கி, இருவர் கையிலும் டீ இருந்து, இருவரும் பேசிக்கொண்டிருக்கும் கணத்தில் முடிவது. இரண்டாம் நிபந்தனை இன்றியமையாதது.

இந்த வரையறையால் ஓர் உண்மை புலப்படுகிறது. நிமிடங்களை எண்ணிப் பயனில்லை. வேலைகளை எண்ண வேண்டும். அவை ஒருவர்வினை, இருவர்வினை என இரண்டு. கைப்பிடியைச் சுற்றி வின்ச்சை இயக்குவது ஒருவர்வினை. பத்து நிமிடமானாலும் கேடில்லை, மற்றவர் டீ போடலாம். கூடாரத்துக்குள் ஒருவர் கம்பியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க, மற்றவர் திருகாணியை முடுக்குவது இருவர்வினை. அரை நிமிட வேலைதான். பிடிப்பவருக்குக் கை கடுக்கும். முடுக்குபவர் திருகாணியைப் புல்லில் போட்டுத் தேடுவார். அன்றிரவுச் சாப்பாடு மௌனமாக நடக்கும்.

இவ்வளவுகோலால் வகைகளை நிறுப்போம். சாஃப்ட் ஃப்ளோர் எனப்படுவதில் படுக்கைப் பலகையோடு கான்வாஸைப் புரட்டிவிட்டால் கூடாரத்தின் தரை மண்ணில் விழும். மூலைகளை இழுத்து முளையடித்து, உள்ளே கம்பி கொடுக்க வேண்டும். விலை மலிவு, எடை குறைவு, இடம் தாராளம், இருவர்வினை ஏராளம். ஃபார்வர்ட் ஃபோல்ட் வகையில் மூடி முன்பக்கமாகக் கவிழ்ந்து படுக்கையாகும். தரை கெட்டியானது, முளையடிப்பு குறைவு. ஆனால் பல மாடல்கள் ஒரு டன்னை எளிதாகத் தாண்டும். இலகு என்று தேடி வந்தவர் கடைசியில் காரை மாற்ற வேண்டியிருக்கும். டியர்டிராப்பில் இருவர்வினை அறவே இல்லை; விரிக்கவே ஒன்றுமில்லை. அற்றேல் அதுவே சிறந்தது எனின், அன்று. உள்ளே நிமிர முடியாது. படுத்தபடியே பேன்ட் மாட்ட வேண்டும். மூன்று நாள் அடைமழையில் பகல் முழுதும் அருகருகே படுத்துக்கிடக்கும் அளவுக்கு அன்பிருந்தால் வாங்கலாம். அப்போதும் இருபக்கமும் கதவுள்ளதாகப் பார்த்து வாங்குக. நள்ளிரவில் ஒருவர் மேல் ஒருவர் ஏறி இறங்குவது அகத்திணையில் கூறப்படவில்லை.

எஞ்சுவது ஏ-ஃப்ரேம். கூரையின் இரு பாதிகளும் முக்கோணமாக எழும்பி நிற்க, இரு பக்கச் சுவர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியதுதான். ஒரே ஆள், சில நிமிடம். கெட்டிச் சுவர், நனைந்தால் துடைத்துவிடலாம். குறை ஒன்றே: நடுக்கோட்டில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம், அங்கே இருவரும் சந்தித்தால் ஒருவர் உட்கார வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிப் ரிவர் ரோட்டின் 660 கிலோமீட்டர் அலையலையான மண்சாலையில் குலுங்கப் போகிறவர்களுக்குச் சாதாரண ஏ-ஃப்ரேம் தாங்காது. மற்றவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

இனி ஆய்வின் உயிர்நிலை: ரிவர்ஸ் எடுத்தல். டிரெய்லர் சிறிதாயிருந்தால் பின்னோக்கித் தள்ளுவது எளிது என்று ஒரு சாரார் நினைப்பர். அது பொருந்தாது. டோபாலுக்கும் அச்சுக்கும் இடைவெளி குறையக் குறைய, ஸ்டியரிங்கைத் துளி திருப்பினாலும் டிரெய்லர் வெடுக்கென்று திரும்பி மடங்கிவிடும். நீண்ட கேரவன் சோம்பலாகத் திரும்புவதால் திருத்த அவகாசம் தரும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவதே வழி. ஓட்டுபவருக்கு இது தெரியும். வெளியே நின்று சைகை காட்டுபவர் ‘லெஃப்ட், லெஃப்ட்’ என்பார். யாருடைய லெஃப்ட் என்பதை இருவரும் முன்பே பேசிவைத்திருப்பதில்லை.

ஊடல் மருதத்துக்கு உரியது. அதன் சிறுபொழுது வைகறை. முகாம் மைதானத்திலோ ஊடல் சூரியன் சாயும் வேளையில், அதாவது நெய்தலின் எற்பாட்டில் நிகழ்கிறது. பிழையோ எனின், அன்று. திணை மயங்குவதைத் தொல்காப்பியம் தடுக்கவில்லை. தோழி இல்லாத குறையை மடக்கு நாற்காலிகளில் பியருடன் அமர்ந்திருக்கும் கண்டோர் நிறைவு செய்கிறார்கள். அவர்கள் பேசமாட்டார்கள், பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் முயற்சியில் ஒருவர் மட்டும் எழுந்து வருவார். ஊடல் தீர்க்க வரும் இவருக்கு இலக்கணத்தில் ‘வாயில்’ என்று பெயர்.

இலகு டிரெய்லரின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. எழுநூறு கிலோ டிரெய்லரென்றால், சமதரையில் கொக்கியைக் கழற்றி, ஜாக்கி வீலை இறக்கி, இருவரும் கையாலேயே தள்ளி இடத்தில் நிறுத்திவிடலாம். இதுவும் இருவர்வினைதானே எனின், ஆம். ஆனால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துத் தள்ளுவதால் லெஃப்ட் என்றால் லெஃப்ட்.

கான்வாஸ் வாங்கியே தீருவோம் என்போருக்குச் சில சொல். புதுக் கான்வாஸை முதலில் வீட்டு முற்றத்தில் நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். நூல் உப்பி ஊசித்துளைகளை அடைக்கும். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். ஊர் திரும்பியதும் விரித்து உலர்த்தும் வேலை பாக்கி இருக்கும்.

மடக்கும் நேரத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. விற்பனையாளர் விரித்துக் காட்டுவார், மெத்தையில் உட்காரச் சொல்வார், விசிட்டிங் கார்டு தருவார். அந்த இடத்தில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, ‘நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நாங்கள் இரண்டு பேரும் மடக்கிப் பார்க்கிறோம்’ என்று கேட்க வேண்டும். பெட்ஷீட்டும் தலையணையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய் விரித்துவைத்து, அவற்றோடு மூடி சாத்துகிறதா என்று பார்ப்பது உத்தமம். சாத்தாவிட்டால் தினமும் காலையில் படுக்கையைச் சுருட்டிக் கார் சீட்டில் வைக்க வேண்டிவரும். எந்த சீட்டில் என்பது தனி ஆய்வுக்கு உரியது.