கழட்டிட்டு அளந்து பாருங்க, மாமா

என் கடைப் பலகையில் ‘ரேடியோ, டி.வி. நிபுணர்’ என்று எழுதியிருந்தது. வெயிலில் பெயின்ட் உதிர்ந்து ‘டி.வி.’ போய்விட்டது. ‘நிபுணர்’ மட்டும் பிடிவாதமாக நிற்கிறது.

ஒரு காலத்தில் அந்தப் பட்டத்துக்கு நியாயம் இருந்தது. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975-இல். எங்கள் பக்கம் பெட்டிகள் வந்து சேர்ந்தபோது, பள்ளிப்பட்டில் படம் தெரியவைப்பதே ஒரு வித்தை. சென்னை நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பைப்பை உயர்த்தி, பூஸ்டர் மாட்டி, மாடியில் ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் “தெரியுது, தெரியுது... போச்சு!” என்று கத்த, புள்ளிகளுக்கு நடுவே ஒளியும் ஒலியும் ஓடும். இந்த ஊர் மாடிகளில் நின்ற ஆன்டெனாக்களில் பாதி நான் ஏற்றியவை என்று சொல்லிக்கொள்வதுண்டு. மறுக்க இப்போது சாட்சிகள் இல்லை.

அந்தப் பெருமையை நம்பித்தான் அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் போன் செய்தான். நண்பர்களோடு சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கிறானாம். உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். ரேடியோ ஆன்டெனாவை அதற்குள்ளேயே புதைக்க வேண்டும்.

“மாமா, நீங்க ஒரு மாதிரி செஞ்சு பாருங்களேன். எங்கெங்க தப்பு வரும்னு முன்னாடியே தெரிஞ்சா எங்களுக்கு நல்லது.”

அந்த வேலையை நான் ஒரு குறையும் வைக்காமல் செய்து கொடுத்தேன்.

விஷயம் புதிதல்ல. பர்ட் ருட்டான் 1975-இல் பறக்கவிட்ட ‘வேரிஈஸி’ என்ற வீட்டில் கட்டும் விமானத்துக்கே ஃபைபர் உடம்புதான். ரேடியோ அலை ஃபைபர் கிளாஸை ஊடுருவும். உலோகத்தையும் கார்பன் ஃபைபரையும் ஊடுருவாது. அதனால் ஜிம் வியர் என்ற ரேடியோ பொறியாளர் ஒட்டும் செப்பு டேப்பையே ஆன்டெனாவாக்கி, விமானத்தின் தோலுக்குள் மறைக்கும் வழியைச் சொன்னார். வெளியே கம்பி நீட்டிக்கொண்டு காற்றைத் தடுக்காது. 1910-இல் சென்னையில் சிம்ப்சன் கம்பெனியில் செய்து, பல்லாவரத்தில் பறக்கவிட்ட டி’ஏஞ்செலிஸின் விமானத்தில் ரேடியோவே கிடையாது. கொடுத்து வைத்தவர்.

விமானப் பேச்சு நடக்கும் அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவே 127 என்று வைத்து, 300-ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் 2.36 மீட்டர். அதில் பாதியை இரண்டு கைகளாகப் பிரித்தால் கைக்கு 59 சென்டிமீட்டர். இந்தச் சிறு நீளம் சரியாக இருந்தால் போதும். பள்ளிப்பட்டுக்கு மேலே 1,000 மீட்டர் உயரத்தில் பறப்பவர் 130 கிலோமீட்டர் தொலைவு வரை பேசலாம். சென்னை அதற்குள் அடக்கம்.

ரிச்சி தெருவுக்குப் போய்ச் செப்பு டேப்பும், ‘நானோவிஎன்ஏ’ என்ற கையடக்க அளவுக் கருவியும் வாங்கிவந்தேன். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து முட்டித் திரும்புகிறது என்பதை அது எஸ்.டபிள்யூ.ஆர். என்ற எண்ணாகக் காட்டும். 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 2 என்றால் ஒன்பதில் ஒரு பங்கு திரும்புகிறது. அதுவரை விமான ரேடியோ பொறுத்துக்கொள்ளும்.

கேபிள் மட்டும் வாங்கவில்லை. கடையில்தான் டிஷ் கேபிள் சுருள் சுருளாகக் கிடக்கிறதே! அது 75 ஓம். விமான ரேடியோ எதிர்பார்ப்பது 50 ஓம். பொருந்தாத கேபிளை எவ்வளவு நீளத்தில் வெட்டுகிறோமோ அதற்கேற்பக் கருவியில் எண் மாறும். ஒரு முழம் வெட்டினேன், எண் இறங்கியது. ஆன்டெனா திருந்துகிறது என்று இன்னொரு முழம் வெட்டினேன், ஏறியது. ஆன்டெனா அது பாட்டுக்குச் சும்மா இருக்க, கேபிளுக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தேன்.

50 ஓம் கேபிள் வாங்கிய பிறகு, ஆன்டெனாவை மாடியில் படுக்கைவசமாகக் கட்டினேன். தூர்தர்ஷன் அலை படுக்கைவசம். என் கை ஆயுள் முழுக்க அப்படித்தான் கட்டிப் பழகியது. விமானப் பேச்சோ செங்குத்து. ஒன்றுக்கு ஒன்று குறுக்காக நின்றால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடச் சரியும். போதாததற்கு, துணி காயப்போடும் ஜி.ஐ. கம்பி அதற்கு இணையாகத் தலைக்கு மேலே ஓடியது. அந்தக் கம்பியையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறேன். பக்கத்து விசைத்தறிக்காரர் எட்டிப் பார்த்து, “ஏமண்ணா, மறுபடி தூர்தர்ஷனா?” என்றார்.

நிமிர்த்திக் கட்டினேன். உலோக முனைகளுக்காக ஐந்து சதவீதம் குறைத்து 56 சென்டிமீட்டர் வெட்டி, காற்றில் பிடித்து 127-க்குக் கச்சிதமாக வைத்தேன். பிறகு கூரைக்குப் போடும் ஃபைபர் ஷீட் ஒன்றில் ஒட்டினேன். ஃபைபரில் அலை மெதுவாகப் போகும் என்பதால் எல்லாம் 118-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஒட்டிவிட்டு அளக்க வேண்டியதை அளந்துவிட்டு ஒட்டியிருக்கிறேன். சரி, கைகளைக் குறைக்கலாம் என்று கத்தரித்தபோது ஒரு கையை மட்டும் குறைத்தேன். மறுகைப் பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்.

இரண்டு கையும் ஒருவழியாக 51-க்கு வந்தபோது புதுச் சிக்கல். கேபிளைத் தொட்டால் எண் மாறுகிறது, விட்டால் மாறுகிறது, கிட்டப் போனாலும் மாறுகிறது. கேபிளின் வெளிப்பின்னலில் மின்னோட்டம் வழிந்து, கேபிளும் அதைப் பிடித்த நானும் ஆன்டெனாவில் பங்காளிகளாகிவிட்டோம். இதைத் தடுக்கத்தான் ஆன்டெனா சேரும் இடத்தில் கேபிள்மேல் மூன்று ஃபெரைட் வளையங்களைக் கோக்கச் சொல்லியிருந்தான் பையன். டி.வி. ஆன்டெனாவுக்கு நான் எந்தக் காலத்தில் வளையம் போட்டேன்? அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டேன்.

வளையத்துக்குப் பதில் நிபுணர் ஒரு யோசனை செய்தார்: நான்தானே தொந்தரவு, நான் விலகிப்போகிறேன். கைவசம் விரல் கனம்கூட இல்லாத மெல்லிய 50 ஓம் கேபிள் முப்பது மீட்டர் இருந்தது. அதை மாடியிலிருந்து கீழே கடை மேசை வரை இழுத்து அளந்தேன். 118-லிருந்து 137 வரை ஒரே கோடு. 1.1. எங்கும் மேடு பள்ளம் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ரொம்ப நேரா இருக்குங்க” என்றாள். படம் எடுத்து அனுப்பினேன். ‘அனுபவம்’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பியதாக நினைவு.

பதில் வந்தது. “சூப்பர் மாமா. மேல போய் ஆன்டெனாவைக் கழட்டிட்டு ஒரு தடவை அளந்து பாருங்க.”

கழட்டினேன். கேபிளின் முனையில் ஒன்றுமே இல்லை. கருவி காட்டியது 1.2.

அந்த மெல்லிய கேபிள், இந்த அலைவரிசையில், முப்பது மீட்டரில் பத்தில் ஒன்பது பங்கு சக்தியை விழுங்கிவிடும். மிச்சம் மேலே போய் முட்டித் திரும்பி வரும்போது அதிலும் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். திரும்பி வருவது நூறில் ஒன்று. ஒன்றும் திரும்பவில்லை, ஆகவே ஆன்டெனா பிரமாதம் என்று கருவி நினைத்துக்கொள்கிறது. வெறும் கேபிளுக்கே முதல் வகுப்பு கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, என் ஆன்டெனாவுக்கு விருது வாங்கியிருக்கிறேன். அதோடு விமானம் புறப்பட்டிருந்தால் கண்ணாடிபோல் சுத்தமான எண்ணும், யாருக்கும் கேட்காத குரலும் கிடைத்திருக்கும்.

குட்டையான நல்ல கேபிளும் மூன்று வளையங்களும் போட்டு மறுபடி அளந்தேன். நடுவில் 1.4, இரண்டு ஓரங்களிலும் 2-ஐத் தொட்டது. பார்க்க அசிங்கமான வளைவு. கேபிளைத் தொட்டேன், அசையவில்லை. “இதுதான் மாமா ஆன்டெனா” என்றான் பையன்.

யோசித்துப் பார்த்தால், தெரியாமல் செய்த தவறு என்று இதில் ஏதும் இல்லை. டிஷ் கேபிள், படுக்கைவசம், வளையம் இல்லாத இணைப்பு, மாடியிலிருந்து கடைவரை நீண்ட கம்பி: எல்லாமே தொழில் தெரிந்ததால் வந்தவை. புதிதாகக் கற்கும் ஒருவன், சொன்னதைச் சொன்னபடி செய்திருப்பான்.

அமெரிக்காவில் ஒரு விதி உண்டாம். வீட்டில் கட்டும் விமானத்தில் பாதிக்குமேல், தொழிலாக இல்லாமல் கற்றுக்கொள்ளவும் பொழுதுபோக்கவும் செய்கிறவர்கள் கட்டியிருக்க வேண்டும். என் வேலையை எந்தக் கணக்கில் சேர்ப்பாய் என்று கேட்டேன். “சந்தேகமே வேண்டாம் மாமா, அமெச்சூர்தான்” என்றான். பெயின்டருக்குச் சொல்லியிருக்கிறேன், வருகிற வாரம் பலகைக்கு வருவார்.