பாயசம், இங்கே வா!

கல்யாண மண்டப வாசலில் கூச்ச சுபாவக்காரனுக்கென்றே ஒரு கேள்வி காத்திருக்கும்: "என்னை யாருன்னு தெரியுதா?" கேட்பவர் பெரும்பாலும் வெற்றிலை போட்ட பெரியவர். கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கேட்பார். "தெரியுது" என்றால், "யாரு, சொல்லு பாப்போம்" என்பார். "தெரியல" என்றால் பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி, "படிச்ச புள்ளைகளே இப்படித்தான்" என்பார். ஒன்றும் சொல்லாமல் இளித்து வைத்தால், "அப்பன மாதிரியே சிரிப்பு" என்று விட்டுவிடுவார். நான் வெகுகாலம் அந்தச் சிரிப்பிலேயே ஓட்டியவன்.

கூச்சத்தை விரட்டப் புத்தகம் தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் போய் விழுவது டேல் கார்னகியின் காலில்தான். மனிதர் 1912-இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு எடுக்கத் தொடங்கியவர். 1936-இல் அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் நடைபாதைக் கடைகளில் பழைய கைடுகளுக்கு நடுவே கிடக்கிறது. எவருக்கும் தன் பெயரைக் கேட்பதைப்போல இனிப்பது வேறில்லை, ஆகவே பெயரை மறக்காமல் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பது அவருடைய பிரசித்தமான யோசனை. நியூயார்க்கில் சரி. உசிலம்பட்டிப் பக்கம் பெரியப்பாவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று கார்னகி எங்கும் எழுதவில்லை. எங்களுக்கு வேண்டியது முறை. வருகிறவர் மாமாவா, சித்தப்பாவா? இரண்டு எட்டு வைப்பதற்குள் முடிவு கட்டியாக வேண்டும். மாமாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டுவிட்டால் அவர் மகள் அந்த நொடியே தங்கச்சி ஆகிவிடுவாள். அப்படி வாய் தவறிக் கைநழுவிய சம்பந்தங்கள் எங்கள் பக்கம் உண்டு.

அடுத்து வந்தவர்கள் உளவியல்காரர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் நடத்தி, 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டீ-ஷர்ட்டை ஒவ்வொரு தடவையும் ஒரு மாணவருக்கு மாட்டி, சக மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயசில் அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பது பெரிய மானக்கேடாம். ஏறக்குறையப் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். பார்த்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. நம்மை எவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, தைரியமாக நடமாடுங்கள் என்பது இதன் சாரம். அருமையான ஆய்வுதான். ஆனால் அந்த அறையில் ஒரு பெரியம்மா இல்லையே! எங்கள் பெரியம்மா பந்திக்கு முண்டும் கூட்டத்துக்கு நடுவிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஏன்டா, இது போன காதுகுத்துக்குப் போட்ட சட்டதான?"

ஆபீஸில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றம் இருந்தது. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது; அதுவும் ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில்தான். கூச்சத்துக்கும் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ! பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குக் காட்டி நேரத்தை நினைவூட்டுவார்கள். பேச்சுக்கு நடுவே வரும் "ஆ", "ம்" எல்லாவற்றையும் எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். நம் டிவி விவாதங்களில் "பாத்தீங்கன்னா"வை எண்ண வேண்டுமானால் ஷிப்ட் போட்டுத்தான் ஆள் வைக்க வேண்டும். அங்கே போனதில் மேடையில் கால் நடுங்காமல் நிற்க வந்தது. ஆனால் கல்யாண வீட்டில் எனக்கு யார் மைக் கொடுக்கிறார்கள்?

கடைசியில் மருந்து கிடைத்தது ஒரு காதுகுத்து விசேஷத்தில். மொய் எழுத வேண்டியவர் வரவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்ட நீளமான நோட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு. பணத்தை எண்ணி மஞ்சள் பையில் போடப் பக்கத்தில் ஒரு மச்சினன்.

பேனாவைத் திறந்துகொண்டு நான் பாட்டுக்குக் கேட்டேன்: "ஊரு? இனிஷியல்? பேரு?" ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. வாசலில் என் கையைப் பிடித்துப் பரீட்சை வைத்த அதே பெரியவர், மேஜைக்கு முன்னால் பவ்யமாக நின்று ஊர், பேர், அப்பா பேர் எல்லாம் ஒப்பித்தார். அதே பேரில் ஊரில் இன்னும் சிலர் இருப்பதால், "டீக்கடைன்னு சேத்துப் போடுப்பா" என்று பட்டப்பெயரும் தந்தார். காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் மொய் என்பது திரும்பி வர வேண்டிய பணம். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தால், இந்த நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். பேர் மாறினால் பணம் போச்சு. அதனால் எட்டிப் பார்த்து, "சின்ன 'ர' இல்ல, பெரிய 'ற' போடு" என்று திருத்தியவர்களும் உண்டு. 501 வைத்தவர் என் காதோரம் குனிந்து சொன்னார். 5001 வைத்தவர் சமையல்கட்டு வரை கேட்கச் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் பாதி ஜில்லா எனக்குப் பழக்கமாகிவிட்டது. தன்னம்பிக்கை உள்ளுக்குள் ஊற வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது மேஜைமேல் இருந்தது, ரெண்டு குயர் கனத்தில்.

இப்போது மொய்க்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பையன் தலை நிமிராமல் தட்ட, ரசீது தானாக நீள்கிறது. வேலை போன நான் பந்திப் பக்கம் ஒதுங்கினேன். அங்கேயும் எந்த வாளியைத் தூக்குகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. உப்பு, ஊறுகாய் வைக்கிறவனை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரசத்துக்கு ஓட வேண்டும். ஊற்றியது இலையைவிட்டு ஓடுவதற்குள் அடுத்தவருக்குப் போயாக வேண்டும், பேச நேரமில்லை. என்னைக் கேட்டால் பாயசம்தான். சிலர் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டுவார்கள். அங்கே நின்று, "சுகரா மாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று மாத்திரைக் கணக்கில் தொடங்கி, மதுரை டாக்டர் வாங்கிய பீஸைத் தொட்டு, மருமகனின் லட்சணம் வரைக்கும் வந்துவிடுவார். நானும் வாளியை இடுப்பில் அண்டக் கொடுத்துக்கொண்டு, "அப்பறம்?" என்பேன். வரிசைக் கடைசியிலிருந்து அதட்டல் வரும்:

"ஏ பாயசம், அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா? இங்கயும் மனுசங்கதான்யா உக்காந்திருக்கோம்!"