பச்சை விளக்கும் பதவி உயர்வும்

எங்கள் குடும்பத்தில் ரத்தக்கொதிப்பு என்பது நோய் அல்ல, பதவி. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், குரல் தெரு முனை வரை கேட்க வேண்டும். அப்பா அந்தப் பதவியில் நெடுங்காலமாக இருக்கிறார். ஃபேனுக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. அவர் சொன்னதை யாராவது மறுத்துப் பேசினால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவுகளுக்கு பிரஷர் இருக்குன்னு தெரியும்லா?" என்பாள். அத்தோடு விவாதம் முடிந்தது.

நானோ சாது. ரேஷன் கடை வரிசையில் நடுவில் புகுகிறவருக்கு ஒதுங்கி இடம் விடுகிற ஜாதி. எனக்கு அந்தப் பதவி இந்த ஜென்மத்தில் கிடையாது என்று வீட்டில் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அப்படிப்பட்டவன் கையில் கிடந்த ஆப்பிள் கடிகாரம் ஒரு நாள் காலையில் லேசாக அதிர்ந்து, உயர் ரத்த அழுத்தத்துக்கான அறிகுறிகள் தெரிகின்றன, மருத்துவரிடம் பேசுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டியது.

முதலில் கோபம் வந்தது அப்பாவுக்குத்தான். "இவனுக்கா? இவன் என்னைக்கு யாரை ஏசியிருக்கான்?" என்றார். அவர் கேட்ட விதத்தில், நான் ஏதோ குறுக்கு வழியில் சிபாரிசு பிடித்து வந்துவிட்டது போல எனக்கே இருந்தது.

ஏசுவதற்கும் இதற்கும் ரொம்பச் சம்பந்தம் இல்லை. கத்தும்போது அழுத்தம் ஏறும். கத்தி முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் இறங்கிவிடும். இறங்காமல் ஏறியபடியே நிற்பதுதான் நோய். பெரும்பாலானவர்களுக்கு அது தலைவலியோ தலைசுற்றலோ எதுவும் காட்டாமல் உள்ளேயே குடியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 30 முதல் 79 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 140 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் சுமார் 60 கோடிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. சாதுக்களின் எண்ணிக்கை இந்த உலகத்தில் குறைவு என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

மணி பார்க்கிற சாமானுக்கு ரத்தத்தில் என்ன வேலை என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. கடிகாரத்தின் அடிப்பக்கம் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கு அடியில் ரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, வடியும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்தால் அலை அலையாக வரும். ரத்தக்குழாய்கள் விறைத்துப்போனவர்களுக்கு அந்த அலையின் வடிவம் மாறும். 30 நாள் அலைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து, சந்தேகம் வலுத்தால் மட்டும் வாயைத் திறக்கும். அப்போதும் 140, 90 என்று எண் எதையும் சொல்லாது. எண் சொல்லும் கடிகாரங்களும் சந்தையில் உண்டு. ஆனால் சாம்சங் கடிகாரமே 28 நாளுக்கு ஒரு தடவை, கையில் பட்டை கட்டும் பழைய மெஷினோடு தன்னை ஒத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

அந்தப் பழைய மெஷினும் எளிதில் வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஒரு பெண் குதிரையைப் படுக்கவைத்துக் கட்டி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு ஒன்பது அடிக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் இதைப் புத்தகமாகவும் போட்டார். மனிதர்களுக்கு நல்ல காலம், 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி மேல்கையில் காற்றுப் பட்டையைக் கட்டி அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இல்லையென்றால் அப்பாவுக்கு மாதாமாதம் பிரஷர் பார்க்க எத்தனை பேர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்!

டாக்டர் என் கடிகாரத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு வாரம் காலையிலும் இரவிலும் வீட்டில் மெஷின் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அவர் எதிரே உட்கார்ந்தால் சிலருக்கு அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஏறிவிடுமாம். சிலருக்கு அங்கே ஒழுங்காக இருந்து வீட்டில் மட்டும் ஏறுமாம். இரண்டாவது ரகம்தான் ஆபத்து என்றார். விதிகளையும் சொன்னார். அரை மணி நேரத்துக்கு முன்பே காப்பியை நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிஷம் அமைதியாக இருந்துவிட்டு அளக்க வேண்டும். பேசக் கூடாது, பேசினாலே ஏறும்.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில், காலை நேரத்தில், ஐந்து நிமிஷ அமைதி! முதுகு சாய்க்கிற நாற்காலி என்று வீட்டில் இருப்பது ஒன்றுதான், அதில் அப்பா. அவரை எழுப்பி உட்கார்ந்தால், வாசலில் கீரைக்காரம்மா. "அரைக்கீரையா, முளைக்கீரையா?" என்று மனைவி கேட்கிறாள். பேசக் கூடாது என்பதால் ஒரு விரலைக் காட்டினேன். ஒரு கட்டா, முதலாவதா என்று அங்கே வழக்கு ஆரம்பமானது. குக்கர் கூவியது. "எத்தனை விசில்னு எண்ணினீங்களா?" என்ற கேள்வி வந்தது. மெஷின் கையை இறுக்கும் நேரம் பார்த்து அப்பா குனிந்து, "எம்புட்டுடே காட்டுது?" என்றார், தேர்வு முடிவு பார்க்கிற ஆவலோடு. எனக்குக் கூடுதலாக வந்தபோது அவர் முகத்தில் ஓடியது கவலைதான் என்று நம்ப விரும்புகிறேன்.

ஒரு வாரக் கணக்கைப் பார்த்துவிட்டு டாக்டர் மாத்திரை எழுதினார். கடிகாரம் சந்தேகப்பட்டது சரி. அன்று சாயங்காலம் அப்பா, "அந்த வாட்ச்சை எனக்குத் தா, இந்த வீட்டுல மொத பிரஷர்காரன் நான்லா?" என்றார். இந்த எச்சரிக்கை வசதி ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கானது இல்லை. 22 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட இல்லை என்று விளக்கினேன். "அனுபவஸ்தனுக்கு மரியாதை இல்லாத சாமான்" என்று தள்ளிவிட்டார்.

சிக்கல் அவரோடு முடியவில்லை. சென்னையிலிருந்து மச்சினன் வந்தான். அவன் கையிலும் அதே கடிகாரம். "எனக்கு ஒண்ணுமே சொல்லலியே அத்தான், நான் கிளீன்" என்று சொல்லி, நார்த்தங்காய் ஊறுகாயில் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினான். அப்பளம் நான்காவது.

அவனுக்கு நான் சொன்ன கணக்கு இது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வசதிக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். நோய் இருந்த 100 பேரில் சுமார் 41 பேருக்குத்தான் அது எச்சரிக்கை கொடுத்தது. மற்ற 59 பேரிடம் வாயே திறக்கவில்லை. நோய் இல்லாதவர்களில் 100க்கு எட்டுப் பேரை வீணாகப் பயமுறுத்தியது. பொய்யாகக் கத்துவதைக் குறைக்க வேண்டும் என்றால் சிலரை விட்டுத்தான் ஆக வேண்டும். அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஆகவே அது சொன்னால் கேட்க வேண்டியதுதான். சொல்லாமல் இருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 59 பேரும் இப்போது எங்கேயோ உட்கார்ந்து "நான் கிளீன்" என்று ஊறுகாய் தின்றுகொண்டிருப்பார்கள்.

"அப்ப எதுக்கு அத்தான் இம்புட்டு ரூபாய்?" என்றான். மணி பார்க்க, என்றேன்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்கா, அப்பாவுக்கு அளந்து முடித்துவிட்டு அவனையும் கூப்பிட்டார். கடிகாரம் கட்டியிருந்த கையை உயர்த்திக் காட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். பஸ் ராத்திரி ஒன்பது மணிக்கு.

மாப்பிள்ளை, இதைப் படித்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. அங்கே பிரஷர் பார்க்கக் காசு கிடையாது.