ராத்திரி ஒன்பதரைக்கு வர்ற கரிசனம்

வா கண்ணு, இப்படிக் குக்கு. ஏன் மொகம் சுருண்டு கெடக்குது? போன்ல சேதி வந்துருச்சாக்கும்? "போன மாசத்துக் கரண்டு பில்லு கட்டலை. இன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிச்சுருவோம். உடனே ஆபீசரைக் கூப்புடு." ஆபீசர் நம்பரும் போட்டிருக்கான். எத்தனை கரிசனம் பாரு!

நீ பட்டணத்துல கம்ப்யூட்டர் படிச்சவன். நான் கையெழுத்துப் போடறதுக்கே மூச்சு வாங்கறவன். இருந்தாலும் கேக்கறேன். நம்ம தமிழ்நாட்டுல மீட்டர் கணக்கெடுக்கறது ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. இதுல போன மாசத்துப் பில்லுன்னு ஒன்னு எங்கிருந்து மொளைச்சுது? கணக்கெடுத்தா இருபது நாள் வாய்தா உண்டு. அதுக்கும் கட்டலைன்னாத்தான் பகல்ல வந்து பீசைப் புடுங்குவாங்க. ராத்திரி ஒன்பதரைக்கு இருட்டுல வந்து உன்ற ஊட்டுக் கரண்டை அறுக்கோணும்னு எந்த மகராசனுக்குக் கண்ணு தலையெழுத்து?

ஒன்பதரைன்னு அவன் சும்மா போடலை. பொழுதோட சேதி வரும். ஆபீசு பூட்டியிருக்கும். நேர்ல போயி விசாரிக்க முடியாது. அவன் குடுத்த நம்பரைத்தான் கூப்புடுவே. அவன் "ஒரு ஆப்பு அனுப்பறேன், ஏத்திக்கோ, பத்தே ரூவா கட்டு"ம்பான். நீ ஏத்துவே. அதோட உன்ற போன் திரை அவன் கண்ணுக்கு முன்னால விரிஞ்சுரும். நீ பத்து ரூவா கட்டற அழகை அவன் அங்க குக்கிக்கிட்டுப் பாப்பான். அப்பறம் மிச்சத்தை அவனே எடுத்துக்குவான்.

ஏங்கண்ணு, சர்க்காரு என்னைக்காவது உனக்காக அவசரப்பட்டு நீ பாத்திருக்கறயா? பட்டா மாத்த நடந்தவன்தானே உங்கப்பன்? நிசமான ஆபீசு உன்னைய நடக்க வெக்கும். திருட்டு ஆபீசுதான் உன்னையத் தேடி ஓடியாரும். பார்சல் திரும்பிப் போயிரும், இருவத்திநாலு மணி நேரத்துல விலாசத்தைத் திருத்துங்கறான். இன்னைக்கே பான் நம்பர் சேக்கலைன்னா கணக்கை முடக்கிருவேங்கறான். எல்லாத்துலயும் ஒரு கெடு. உன்னைய ரோசிக்க உட்டா அவன் பொழப்பு கெட்டுச்சல்லோ!

அட, கல்யாணப் பத்திரிகைக் கூத்தைச் சொல்ல மறந்துட்டேன். தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சு ஊடு தேடி வந்து கூப்புட்டாலே, "அவிங்க ஊட்டம்மா வரலையே"ன்னு மொகத்தைத் திருப்பிக்கற சனம் நாம. அப்பேர்ப்பட்ட வம்சத்துல பொறந்துபோட்டு, பேர் தெரியாத நம்பர்ல இருந்து வாட்ஸப்புல வந்த பத்திரிகையைத் தொறக்கறயே! யாரு கல்யாணம்னு பாக்கோணுமாமா? பேருக்குப் பின்னால 'ஏபிகே'ன்னு மூணு எழுத்து இருந்துதே, பாத்தயா? பத்திரிகை படமா வரும், பிடிஎப்பா வரும். ஏபிகேன்னா அது ஒரு ஆப்பு. உள்ளாற போயி உனக்கு வர்ற ஓடிபியை எல்லாம் படிக்கும். போதாததுக்கு உன்ற பேர்லயே ஒறம்பரை அத்தனை பேருக்கும் அதே பத்திரிகையை அனுப்பும். போக்குவரத்து அபராதச் சலான்னு வர்றதும் இதே வகையறாதான். வண்டியே இல்லாதவன்கூட அதைத் தொறந்து பாக்கறான்!

இன்னொன்னு. தமிழ்ல மெரட்டுனா திட்டுவே. இங்கிலீசுல மெரட்டுனா எந்திரிச்சு நின்னு கும்புடுவே. "டியர் கஸ்டமர்"னு மெயில் வருது. நகைக்கடன் வாங்கற அன்னிக்கு உங்கப்பன் பேரு, பாட்டன் பேரு வரைக்கும் கேட்டு எழுதுன வங்கிக்கு உன்ற பேரு தெரியாமப் போச்சா? மேல வங்கி பேரு மினுங்கும். அதைத் தொட்டு அனுப்புனவன் விலாசத்தைப் பாரு. ஜிமெயில்னு பல்லை இளிக்கும்.

லிங்க்கைப் படிக்கறதுக்கும் ஒரு வழி இருக்குது. தபால்ல பேரு, தெரு, கடைசியில ஊருன்னு எழுதறோம். எந்த ஊருன்னு பாத்துத்தானே தபாலைப் பிரிக்கறாங்க? அதேமாதிரி, ஆரம்பத்துல வர்ற ரெட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்த ஒத்தச் சாய்கோட்டுக்கு முன்னால கடைசியா என்ன இருக்குதுன்னு பாரு. 'உன்ற-வங்கி.கேஒய்சி-அப்டேட்.காம்'னு இருந்தா அது உன்ற வங்கியில்லை, எவனோ ஒருத்தனோட கேஒய்சி-அப்டேட்.காம். முன்னால எந்தப் பேரை வேணும்னாலும் ஒட்டலாம். நம்ம ஊரு வங்கி எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள 'பேங்க்.இன்'னு முடியற விலாசத்துக்கு மாறோணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லிருச்சு. அந்த வாலைக் காணோமா, தொடாதே. இதுக்கும் பொறுமையில்லைன்னா லிங்க்கை உட்டுத் தள்ளு. வங்கி ஆப்பை நீயே தொறந்து பாரு. இல்லைன்னா கார்டுக்குப் பின்னால இருக்கற நம்பருக்குப் பேசு.

உங்கிட்டப் பழைய சோபா வாங்கறேன்னு வர்றவன் ஒருத்தன் இருக்கான். "பணம் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பரைப் போடு"ம்பான். காசு குடுக்கறதுக்குத்தான் பின் போடோணும். வாங்கறதுக்கு எதுக்குக் கண்ணு பின்னு? நான் சந்தையில மாடு வித்தப்போ வாங்குனவன் எம்மடியில காசை வெச்சான். எம்மடியை அவுத்துக் காட்டுன்னு கேக்கலை.

சரி, இத்தனையும் கேட்டுப்போட்டு என்னைக்காவது ஒருநாள் தொட்டுருவே. எனக்குத் தெரியும். மொகம் காட்டித் தொறக்கற போனு, வெரலு வெச்சாத் தொறக்கற பொட்டி, எல்லாம் வெச்சிருக்கற சூரன்தானே நீ! லிங்க்கைத் தொட்டப்போ கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள தொட்டயா? காசு போனதுக்கப்பறம் மட்டும் நாலு நாள் ரோசிக்காதே. உன்ற காசு ஒரு கணக்குல நிக்காது. அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு தாவிக்கிட்டே போகும். நடுவுல எங்கயாச்சும் மறிச்சாத்தான் உண்டு. சைபர் குற்றப் புகார் நம்பர் 1930க்குப் போன் போடு, வங்கிக்கும் சொல்லு. மானம் போகுதுன்னு பாத்தா சம்சாரத்துக்கு வேணா பொறவு சொல்லிக்கோ.