குட்டியானையில் ஏறாத கதை

காரைக்குடியிலிருந்து பழனிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் ஒரு டீ, ஒரு தூக்கம், பக்கத்து சீட்டுக்காரரோடு ஒரு ஜன்னல் தகராறு, ஊர் வந்துவிடும். தைப்பூசம் வந்தால் மட்டும் இந்த வசதியெல்லாம் கண்ணில் படாத கூட்டம் ஒன்று நடந்தே கிளம்புகிறது. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடையைக் கட்டுவது நானூறு ஆண்டு வழக்கம் என்பார்கள். அந்த நானூறு ஆண்டில் என்னுடையதைப் போன்றதொரு தொப்பையை அந்தச் சாலை கண்டிருக்காது.

பாதயாத்திரைக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன் என்றதும் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மாடியில காயுற துணியை எடுத்துட்டு வாங்கன்னா முட்டி வலிக்குதும்பீங்களே, அது எந்த முட்டிங்க?" மகன் தன் பங்குக்கு, திண்டுக்கல்லிலும் ஒட்டன்சத்திரத்திலும் ரயில் நிலையம் இருப்பதை ஞாபகப்படுத்தினான்.

மாலை போட்டுவிட்டால் எல்லாரும் சாமி. வட்டிக்கடைக்காரர் சாமி, கொத்தனார் சாமி, கல்லூரிப் பையன் சாமி. என்ன உத்தியோகம், எவ்வளவு சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம், "கொப்புளம் வந்தாச்சா சாமி?" வந்துவிட்டது என்றால் மரியாதை ஒரு படி கூடும். எனக்குச் சிங்கம்புணரி தாண்டுவதற்குள்ளேயே மரியாதை கூடிவிட்டது. கொத்தனார் சாமி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஊசியில் நூலைக் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டுக் கத்தரித்தார். "தண்ணி தானா வடிஞ்சிரும்." வீட்டில் நகம் வெட்டும்போதே ஊரைக் கூட்டுகிற நான் மூச்சுக் காட்டவில்லை. காரணம் பக்தி இல்லை. எதிரே ஒரு பத்து வயதுச் சாமி தன் முறைக்காகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போய்வந்தால் இடுப்பு நாலு அங்குலம் இறங்கும் என்றும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதை வழிநெடுகப் பந்தல் போட்டுக் கெடுத்தார்கள். நீர்மோர், பானகம், சுக்குக்காபி, சுடச்சுடப் பொங்கல். முன்பின் தெரியாதவர்கள் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சாமி" என்று கும்பிடுகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. வீட்டில் மூன்றாவது தோசைக்கு முறைப்பு வாங்கியே பழகியவன் நான். ஒருவர் மனதையும் நோகடிக்காமல்தான் பழனி போய்ச் சேர்ந்தேன்.

பகலில் தார் சுடும் என்பதால் விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் நடை. லாரிக்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று ஆளாளுக்கு முதுகில் மினுமினுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். நத்தம் தாண்டிய இருட்டில் எனக்கு முருகன் காட்சி கொடுத்தது, முன்னால் போகிறவர் முதுகு ஸ்டிக்கராகத்தான்.

இந்த வழிக்குப் பெரியவர் இடும்பன். அகத்தியருக்காக சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கிவந்தவன், பழனியில் சற்றே இறக்கி வைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை. மலையில் முருகன் நின்றுகொண்டிருந்தான் என்கிறது புராணம். நான் மைல்கல்லில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். எழுந்திருக்க வராது. என் மேல் யார் நின்றார்கள் என்றுதான் தெரியவில்லை.

அப்படி உட்கார்ந்த ஒரு வேளையில், எங்கள் மூட்டைகளை ஏற்றிவரும் குட்டியானை பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு, வாய் பேசாமல் இருக்கையைத் துண்டால் தட்டினார். மேனகைகூட விசுவாமித்திரரை இவ்வளவு பக்குவமாக அழைத்திருக்க மாட்டாள். ஒரு கை வண்டிக் கம்பியைப் பிடித்தும்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்தார் ஓர் ஆச்சி. எழுபதுக்குக் குறையாது. வெறுங்கால், பெருவிரலில் கட்டு.

"என்னப்பா, காலு வலிக்குதா?"

"ஆமா ஆச்சி."

"எனக்குந்தான் வலிக்குது. வா, பேசிக்கிட்டே போவோம்."

பேசினார். மருமகள், மழை, மாட்டு விலை, பேரனுக்கு அமையாத வரன். ஒட்டன்சத்திரம் வந்ததே தெரியவில்லை. கால் வலிக்கு இத்தனை வைத்தியம் கண்டுபிடித்த உலகம், அடுத்தவர் மருமகள் கதையை மருந்துப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது ஏனோ!

பழனியில் 693 படி. விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. ஆச்சி முன்னால் படியேறுகையில் நான் எந்த முகத்தோடு டிக்கெட் வரிசையில் நிற்பது? ஏறினேன். அரோகரா என்று போட்ட சத்தத்தில் பாதி முருகனுக்கு, மீதி முட்டிக்கு.

காவடி எடுத்த நகரத்தார் நடந்தே ஊர் திரும்புவார்கள். நான் பஞ்சாமிர்த டப்பாவோடு பேருந்தில் திரும்பினேன், ஜன்னலோரம்.

மறுவாரம் தெருமுனையில் பால் வாங்க ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பழனிக்கே நடந்த மனுஷனுக்கு பால் பூத்துக்கு வண்டியா?"

"நீ ரோட்டோரம் மோர்ப்பந்தல் போட்டு, முன்னால ஒரு ஆச்சியையும் நடக்க விடு. பால் பூத் என்ன, மதுரைக்கே போயிட்டு வரேன்."

சாவி கிடைக்கவில்லை. அவள் முந்தானையில் முடிந்திருந்தாள்.