நீட்டிய கை

கடந்த அக்டோபர் கடைசி வாரம். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக ஆறாவது முறையாக ஓர் அரசு அலுவலகத்தின் படியேறினேன். உள்ளே ஆளே இல்லை. மின்விசிறிகள் மட்டும் கடமை தவறாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

“எல்லாரும் பின்னாடி மரத்தடியில இருக்காங்க சார். உறுதிமொழி” என்றார் வாசலில் இருந்தவர்.

போனேன். நாற்பது பேர், மூன்று வரிசை. அத்தனை பேரின் வலது கையும் நேர் முன்னால் நீண்டிருந்தது. லஞ்ச ஒழிப்பு விழிப்புணர்வு வாரமாம். லஞ்சம் வாங்க மாட்டோம், கொடுக்க மாட்டோம், நேர்மையாக இருப்போம் என்று ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படிக்க, மற்றவர்கள் ஒப்பித்தார்கள். படம் எடுத்தவருக்குக் கூட்டம் போதவில்லை. “பப்ளிக்கும் வந்து நில்லுங்க” என்றார். நின்றோம். எட்டு மாதமாக நின்று பழகிய கால்கள்.

முதியோர் உதவித்தொகைக்காக வந்திருந்த பாட்டி ஒருத்தியும் வரிசையில் மாட்டிக்கொண்டாள். எல்லோரும் கையை நீட்டுகிறார்களே என்று அவளும் நீட்டினாள். ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளங்கை வானத்தைப் பார்த்திருந்தது. “கையைத் திருப்பி வை ஆயா!” என்று அதட்டினார் முன்வரிசைக்காரர்.

கால் மணி நேரம் கழித்து அதே முன்வரிசைக்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து என் மனுவைப் புரட்டினார். விஏஓ அறிக்கை இன்னும் வரவில்லை என்றார். வந்துவிட்டதே என்று காட்டினேன். பெருமூச்சு விட்டார். “பார்த்துப் பண்ணுங்க சார்” என்றார். இப்போது அவர் உள்ளங்கை வானத்தைப் பார்த்திருந்தது.

அன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தது. உறுதிமொழிக்கும் லஞ்சத்துக்கும் நடுவே இருக்கும் தொலைவு, மணிக்கட்டின் ஓர் அரைத் திருப்பம்.

தமிழில் ‘கை நீட்டுவது’ என்பதற்கு ஏற்கெனவே மூன்று பொருள். இல்லாதவன் கை நீட்டினால் பிச்சை. இருக்கிறவன் கை நீட்டினால் லஞ்சம். வலுத்தவன் கை நீட்டினால் அடி. நான்காவது பொருளை அரசாங்கம் சேர்த்திருக்கிறது: உறுதிமொழி. முதல் மூன்றும் உடனே பலன் தரும். நான்காவதுக்கு மட்டும் இன்றுவரை பலன் கண்டவர் இல்லை.

அரசு ஊழியரின் வலது கைக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கிறது. ஜனவரி 25 வாக்காளர் நாள். ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு. பிப்ரவரி 9 கொத்தடிமை ஒழிப்பு. ஏப்ரல் 14 சமத்துவம். மே 21 பயங்கரவாத எதிர்ப்பு. ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர். ஜூன் 26 போதைப்பொருள். ஆகஸ்ட் 20 நல்லிணக்கம். செப்டம்பர் 17 சமூகநீதி. அக்டோபர் 31 ஒற்றுமை. நவம்பர் 26 அரசமைப்பு. ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு திதி. திதியன்று தர்ப்பணம். மறுநாள் காலை பாவம் வழக்கம்போல் பத்து மணிக்கு அலுவலகம் வந்துவிடும்.

இந்தப் பட்டியலில் ஒரே ஓர் உறுதிமொழியைக் காணோம். ‘வந்த மனுவைக் குறித்த நாளில் முடிப்பேன்.’ அதற்குக் கை நீட்ட வேண்டாம். கையெழுத்துப் போட்டால் போதும்.

வெயிலில் நிற்க முடியாதவர்களுக்கு இணைய வழியும் உண்டு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் தளத்தில் பெயரையும் கைபேசி எண்ணையும் தட்டினால் நேர்மை உறுதிமொழி எடுத்தாகிவிட்டது. பெயர் போட்ட சான்றிதழும் அங்கேயே கிடைக்கும். வண்ணத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நான் நேர்மையானவன் என்பதற்குச் சான்றிதழ் இரண்டு நிமிடத்தில். நான் என் அப்பாவுக்குப் பிள்ளை என்பதற்குச் சான்றிதழ் எட்டு மாதமாகியும் இல்லை.

இந்தக் கைநீட்டல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இன்னும் வேடிக்கை. பழைய ரோமானியர்கள் இப்படித்தான் சத்தியம் செய்தார்கள் என்பார்கள். அதற்கு உருப்படியான சான்று கிடையாது. பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1784இல் ஒரு படம் வரைந்தார். மூன்று சகோதரர்கள் வாளை நோக்கிக் கை நீட்டிச் சூளுரைக்கும் காட்சி. அங்கிருந்து அது நாடக மேடைக்குப் போனது. பிறகு சினிமாவுக்குப் போனது. ஆக, பிறக்கும்போதே அது நடிப்புதான். அந்த மரபை நம் அலுவலகங்கள் கண்ணும் கருத்துமாகக் காத்துவருகின்றன.

அமெரிக்கப் பள்ளிகளில் 1892 முதல் பிள்ளைகள் கொடியை நோக்கி இப்படித்தான் கையை நீட்டினார்கள். பிறகு முசோலினியின் ஆட்களும் ஹிட்லரின் ஆட்களும் அதே பாணியில் கையை நீட்டத் தொடங்கினார்கள். அமெரிக்கர்களுக்குக் கூச்சம் வந்தது. 1942 டிசம்பர் 22 அன்று சட்டத்தைத் திருத்தி, கையை மடக்கி நெஞ்சில் வைத்தார்கள். அவர்களுக்கு வெட்கம் வர ஓர் உலகப் போர் தேவைப்பட்டது. நாம் எதற்கும் அசைவதில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறோம்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் திருடனின் கட்டைவிரலில் எழுத்துச் சூடு போட்டு அனுப்புவார்கள். அடுத்த முறை நீதிமன்றத்துக்கு வந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பழைய கணக்கு தெரிந்துவிடும். சாட்சி சொல்பவர் கை தூக்கும் வழக்கமே அதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கமும் உண்டு. விளக்கம் சரியோ தவறோ, அங்கே உள்ளங்கை ஊருக்குத் தெரிந்தது. நம் உறுதிமொழியில் உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. ஏற்பாடு கச்சிதம்.

சிரித்தது போதும்.

2022 டிசம்பர் கடைசி. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ஐந்தே வாரத்தில் ஜனவரி 30 வந்தது. வழக்கப்படி கைகள் நீண்டன. தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடிக்க மாட்டோம் என்று குரல்கள் ஒலித்தன. குற்றப்பத்திரிகை வர இரண்டு ஆண்டு ஆனது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே பட்டியல் சாதிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மக்கள் ஏற்க மறுத்துப் போராடினார்கள். அந்த இரண்டு ஆண்டில் ஒரு ஜனவரி 30கூடத் தாமதமாக வரவில்லை.

2024 ஜூன். கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முதல் சாவு விழுந்து ஒரு வாரத்தில் ஜூன் 26. போதைப்பொருள் எதிர்ப்பு நாள். நாள்காட்டிக்குச் சாவெல்லாம் தெரியாது. போதை ஒழிப்புக்குக் கை நீட்டச் சொல்லும் அதே அரசு, டாஸ்மாக் கல்லாவில் 2023-24இல் மட்டும் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்தது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று தானத்துக்குச் சொன்னார்கள். நம்மவர்கள் அதை நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வாக்காளர் நாளும் அப்படித்தான். எந்தத் தூண்டுதலுக்கும் மயங்காமல் வாக்களிப்பேன் என்று 2011 முதல் ஆண்டுதோறும் சொல்கிறோம். 2017இல் பண விநியோகத்தால் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து. உறுதிமொழி எடுத்தவன் வாக்காளன். மூட்டை அவிழ்த்தவனை யாரும் மரத்தடிக்குக் கூப்பிடவில்லை.

ஊரில் சத்தியம் செய்கிறவன் கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைப்பான். கை சுடும். பிள்ளை தலையில் கை வைப்பான். பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்று உள்ளுக்குள் நடுங்குவான். மூடநம்பிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் எதையோ பணயம் வைத்தான். நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் ஏழாண்டு வரை சிறை உண்டு. அரசு உறுதிமொழியில் பணயம் என்ன? ஐந்து நிமிட வெயில். மீறினால் தண்டனை என்ன? அடுத்த ஆண்டு இன்னோர் ஐந்து நிமிட வெயில்.

வேறு வழி இல்லாமலா? மத்தியப் பிரதேசம் 2010இல் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. குறித்த நாளில் சான்றிதழ் தராத அதிகாரிக்கு அபராதம். தமிழ்நாட்டில் இப்படி ஒரு சட்டம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்கள் எத்தனையோ பேர். மத்திய அரசோ 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. பதவியில் எடுத்த முடிவைப் பற்றி அதிகாரியை விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும். லஞ்சம் கொடுத்தவனும் குற்றவாளி. வேறு வழியில்லாமல் கொடுத்தேன் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். எனக்கு ஏழு நாள் கெடு. என் மனுவுக்கு மட்டும் சட்டக் கெடு கிடையாது.

கை உண்மை பேசும் இடம் இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான். லஞ்ச ஒழிப்புப் போலீஸார் ரூபாய் நோட்டில் பினாப்தலீன் தூளைத் தடவிக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்குவார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அங்கே உரை இல்லை, பதாகை இல்லை. ஒரு கண்ணாடி டம்ளர் போதும். நாற்பது பேர் மூன்று வரிசையில் கை நீட்டும் நாளில், ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தால் என்ன? மரத்தடியில் நிழலுக்குக்கூட ஆள் இருக்காது.

நான் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். சான்றிதழ் நான்காம் நாள் வந்தது.

உறுதிமொழிப் படம் மறுநாளே நாளிதழின் உள்பக்கத்தில் வந்திருந்தது. வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டாவது வரிசையில் நானும் நிற்கிறேன், நீட்டிய கையோடு, யோக்கியனைப் போல. எல்லோருடைய உள்ளங்கையும் தரையைப் பார்க்கிறது. அதட்டல் வருவதற்கு முன் எடுத்த படம் போலிருக்கிறது. ஓரத்தில் ஒரே ஓர் உள்ளங்கை மட்டும் திறந்து தெரிகிறது.

பாட்டியுடையது. அதில் ஒன்றுமில்லை.